தொப்பூர் ஏற்றத்தில் மட்டும் நிற்கும் பழைய கார்

கேள்வி கேட்ட தம்பி பாலக்கோட்டுக்காரர். அவருடையது 1997 மாடல் மாருதி 800, அப்பா ஓட்டிய கார்புரேட்டர் வண்டி (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்தான் கார்புரேட்டர்). ஊருக்குள் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. மாதம் இரண்டு முறை சேலம் போய்த் திரும்பும்போது மட்டும் தொப்பூர் ஏற்றத்தில் முக்க ஆரம்பித்து, இரண்டு மூன்று முறை விட்டு விட்டு இழுத்து, அப்படியே நின்றுவிடுகிறது. பத்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் இரண்டு தடவை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிவிட்டார், பெட்ரோல் பம்ப்பும் புதிதாகப் போட்டாயிற்று, இப்போது கார்புரேட்டரையே மாற்றிவிடலாம் என்கிறார். பக்கத்துக் கடைக்காரரோ இருபது சதவீத எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

தம்பி, இப்போதைக்குக் கார்புரேட்டரை மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கார்புரேட்டரில் கோளாறு என்றால் அது பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு சிக்னலிலும் காட்டும்: ஐடிலிங் (மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடுவது) நிலைக்காது, ரேஸ் கொடுத்தால் தடுமாறும், புகை வரும். உங்கள் வண்டி அங்கெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. நாற்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஏற்றத்தில், லோடு விழும்போது மட்டும் தொண்டை வறண்டு போகிறது. பெட்ரோல் வந்து சேரும் வேகம் செலவாகும் வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை என்பதுதான் என் முதல் சந்தேகம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி அறுபதில் போனால் மணிக்கு மூன்றே முக்கால் லிட்டர் குடிக்கும். அதாவது நிமிஷத்துக்கு அறுபது மில்லி சொச்சம். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்துப் பிடித்தால் அதில் இரட்டிப்பு என்று வையுங்கள், நூற்றிருபது மில்லி. சிக்னலில் சும்மா நிற்கும்போது பத்து மில்லிகூடப் போதும். ஆக, எங்கோ அடைப்பு இருந்து நிமிஷத்துக்கு எண்பது மில்லிதான் வருகிறது என்றால், ஊருக்குள் உங்களுக்குத் தெரியவே தெரியாது. சமதளத்தில் ஓமலூர் வரைகூடத் தெரியாது. கார்புரேட்டரில் மிதவை இருக்கும் அறையில் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் தேங்கி நிற்கும், ஒரு சின்ன டீ கிளாஸ் அளவுகூட இருக்காது. ஏற்றம் ஆரம்பித்ததும் அந்தச் சேமிப்பைத் தின்றபடி வண்டி ஒன்றிரண்டு நிமிஷம் ஓடும். அது தீர்ந்ததும் முக்கும். நின்ற பிறகு மெல்ல மெல்லப் பாதை தெளியும், மறுபடி ஸ்டார்ட்டர் அடிக்கும்போது பம்ப் அறையை நிரப்பும், ஸ்டார்ட் ஆகும். நீங்கள் சொல்லும் நடப்பு அச்சாக இதுதான்.

ஆனால் இது ஊகம். பெட்ரோல்தானா, கரண்டா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். சூடானதும் செத்து, ஆறியதும் பிழைக்கும் இக்னீஷன் காயிலும் (பிளக்கில் பொறி வரக் கரண்ட் கொடுப்பது) இதே நாடகத்தை ஆடும். பிரிப்பதற்குப் பைசா செலவில்லாத வழி ஒன்று உண்டு. வண்டி நின்ற அந்த நிமிஷமே, சாவியை அணைத்துவிட்டு, ஏர் பில்டர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் கேபிள் மாட்டியிருக்கும் லீவரைக் கையால் ஒரு முறை முழுக்கத் தள்ளுங்கள். ஊசி போடும் முன் நர்ஸ் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துப் பீய்ச்சுவாரே, அந்த மாதிரி மெல்லிய கோடாகப் பெட்ரோல் உள்ளே பாய வேண்டும். பாய்ந்தால் மிதவை அறையில் பெட்ரோல் இருக்கிறது என்று அர்த்தம், நிற்பதற்குக் காரணம் வேறு. வெறும் காற்று என்றால் அறை காலி. மறுபடி ஸ்டார்ட் செய்த பிறகு பார்த்தால் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லை, அதற்குள் அறை நிறைந்துவிடும். ஊரிலேயே ஒரு முறை செய்து பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள், நல்ல நிலையில் எப்படிப் பாய்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைத் தொப்பூரில் செய்யாதீர்கள். அந்த ரோட்டில் லாரிகள் வரும் வரத்து உங்களுக்கே தெரியும், அங்கே பானெட்டைத் திறந்துகொண்டு குனிந்து நிற்பது வேண்டாத வேலை. ஏற்றம்கூட அவசியமில்லை. காலி ரோடாகப் பார்த்து, இரண்டாவது கியரிலேயே ஐந்து நிமிஷம் விடாமல் மிதித்து ஓட்டுங்கள், அதே செலவு வந்துவிடும். அதிலும் நிற்கவில்லை என்றால் ராயக்கோட்டைப் பக்கம் ஏறும் ரோட்டில், ஓரம் அகலமாக உள்ள இடத்தில் பாருங்கள். யாரையாவது கூட அழைத்துப் போங்கள்.

அறை காலி என்று தெரிந்துவிட்டதா, அடுத்து கை போக வேண்டிய இடம் பானெட்டுக்குள் இல்லை, வண்டியின் பின்பக்கம். டாங்க் மூடியைத் திறங்கள். திறக்கும்போது காதை அருகில் வையுங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் நீளமாகக் கேட்டால், கேட்ட கையோடு வண்டி ஸ்டார்ட் ஆனால், உங்கள் வியாதி அங்கேதான். டாங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். பழைய வண்டிகளில் அது மூடி வழியாகவோ, டாங்கின் மேல் உள்ள சின்ன ட்யூப் வழியாகவோ வரும். அது அடைத்துக்கொண்டால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் வராது. ஸ்ட்ரா போட்ட பாட்டிலின் வாயை விரலால் மூடிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், புரிந்துவிடும். நாற்பது கிலோமீட்டர் ஓடினால்தான் அந்த வெற்றிடம் போதுமான அளவு சேரும். அதனால்தான் ஊருக்குள் ஓடும் வண்டிக்கு இது தெரிவதேயில்லை.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என்னிடம் ஒரு பிரீமியர் பத்மினி இருந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும்போது மேலுமலை ஏற்றத்தில் நிற்கும். பத்மினி என்றாலே பம்ப் சூடாகிவிடும், ஈரத்துணி சுற்று என்பதுதான் எல்லாரும் சொல்லும் வைத்தியம். நானும் பானெட்டுக்குள் ஒரு பழைய துண்டும், டிக்கியில் ஒரு குடம் தண்ணீருமாக ஒரு கோடைக்காலம் முழுக்க அலைந்தேன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் பம்ப் மாற்றினார்கள். இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் அந்தப் புதுப் பம்ப் சரியில்லை என்று வேறு பம்ப் மாற்றினார்கள். கடைசியில் ஒரு நாள் சூளகிரிக்கு முன்னால் நின்றபோது, பெட்ரோல் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்க்க மூடியைத் திறந்தேன். புஸ் என்று ஒரு பெருமூச்சு, கூடவே டாங்கின் தகடு 'டொக்' என்று வெளியே தள்ளிக்கொண்ட சத்தம். மூடியைத் தொட்டால் போல வைத்துவிட்டு ஓட்டினேன், ஓசூர் வரை ஒரு இருமல்கூட இல்லை. முந்தின வருஷம் பங்க்கில் ஒரிஜினல் மூடியைத் தொலைத்துவிட்டு, ரோட்டோரக் கடையில் கைக்கு வந்த மூடியை வாங்கிப் போட்டிருந்தேன். கெட்டியான ரப்பர் வாஷர், ஓட்டையே இல்லை. எவ்வளவு உறுதியான மூடி என்று வாங்கிய அன்று பெருமைப்பட்டதும் நான்தான்.

உங்கள் மூடி அப்பா காலத்து மூடியா, இடையில் மாற்றியதா என்று வீட்டில் கேளுங்கள். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஓட்ட வேண்டாம், பெட்ரோல் தளும்பும், ஆபத்து. சோதனைக்குச் சற்றுத் தூரம் ஓட்டி, ஓரம் கட்டி, ஒரு தடவை திறந்து மூடிவிட்டு மறுபடி கிளம்புவது போதும். ஏற்றம் தொடங்கும் முன் ஒரு முறை அப்படித் திறந்து மூடியதும் தொந்தரவே வரவில்லை என்றால் வேறு சாட்சி தேவையில்லை.

மூடி நல்ல மூடிதான் என்றால் இரண்டாவது ஆள், டாங்குக்குள் குழாயின் நுனியில் இருக்கும் வலை. 1997 வண்டியின் டாங்கில் துரு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதிலும் மாதம் இரண்டு முறை மட்டும் வெளியே போகிற வண்டி, பாதி டாங்க் காலியாகவே நிற்கும். மழைக்காலத்து ஈரக் காற்று அந்தக் காலி இடத்தில் வேர்த்து, துருவாகி, பொடியாகக் கீழே கிடக்கும். சும்மா ஓட்டும்போது கிடக்கிற இடத்தில் கிடக்கும். வேகமாக இழுக்கும்போது வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் இழுவை போய்விடுவதால் பொடி உதிர்ந்து கீழே விழும். பத்து நிமிஷத்தில் வண்டி சரியாகிவிடுகிறது என்பதற்கு இதுவும் ஒரு விளக்கம். மூடியோடு இதைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரே வித்தியாசம், மூடியைத் திறந்தாலும் உடனே பலன் இருக்காது.

மூன்றாவது, நம் ஊர்க் கோடையில் எல்லாரும் முதலில் சொல்லும் ஏர் லாக். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்ப் ஆவியை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது. சித்திரை, வைகாசியில் மதியம் மட்டும் நின்று, மார்கழிக் காலையில் நிற்கவில்லை என்றால் இதை நினைக்கலாம். பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டதும் சரியானால் இதுதான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அங்கேதான் என்னைப் போல ஏமாறுவது. பெட்ரோல் கொதிப்பது சூட்டை மட்டும் பொறுத்ததில்லை, அழுத்தத்தையும் பொறுத்தது. டாங்கில் வலை அடைத்திருந்தால், மூடி காற்று விடாவிட்டால், டாங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே உள்ள குழாயில் அழுத்தம் குறைந்து, சாதாரணச் சூட்டிலேயே பெட்ரோல் ஆவியாகும். ஈரத்துணி போட்டால் ஆவி அடங்கும், வண்டி கிளம்பும். அசல் வியாதி பின்னால் டாங்கில் பத்திரமாக இருக்கும். ஒழுங்கான குழாயும் மூடியும் உள்ள 800-க்கு நம் மாவட்டத்து வெயில் தாங்காத வெயில் ஒன்றுமில்லை.

ஒரு விஷயம் மட்டும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். பம்ப் மாற்றியபோது பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தடிமனான ஒரு பேக்கிங் துண்டு இருந்திருக்கும். சூடு ஏறாமல் தடுப்பது அதுதான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் பேப்பர் பேக்கிங் வைத்துப் பூட்டுவது நடக்கிறது. அப்படிச் செய்தால் பம்ப்பின் கை கேம் (பம்ப்பை இயக்கும் எஞ்சின் பாகம்) மேல் உட்காரும் அளவும் மாறிவிடும். கார்புரேட்டருக்கு அடியில் உள்ள தடித்த துண்டுக்கும் இதே கதைதான், இரண்டு தடவை கழற்றியிருக்கிறார்கள், மறக்காமல் பாருங்கள்.

சரி, இதையெல்லாம் ஊகத்தில் விடாமல் அளந்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது, ஒரு வாளி மணலாவது இருக்கட்டும். இக்னீஷன் காயிலுக்கு வரும் சின்ன வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள், பொறியே வரக்கூடாது. கார்புரேட்டருக்குள் போகும் பெட்ரோல் ட்யூபைக் கழற்றி, நுனியை ஒரு பாட்டிலுக்குள் நன்றாக இறக்குங்கள். ஒருவர் பாட்டிலைப் பிடிக்க, இன்னொருவர் பதினைந்து வினாடி ஸ்டார்ட்டர் அடிக்கட்டும். துடிப்புத் துடிப்பாக, அழுத்தமாக, குமிழி இல்லாமல் அரை டீ கிளாஸாவது வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு அல்லது பம்ப். நுரைத்து நுரைத்து வந்தால் எங்கோ காற்று பிடிக்கிறது.

அடுத்து வரிசையைப் பாதியில் வெட்டுங்கள். பம்ப்புக்குள் நுழையும் ட்யூபைக் கழற்றி, அதற்குப் பதில் ஒரு புது ட்யூபைப் போட்டு, அதன் மறு நுனியைத் தரையில் வைத்த சுத்தமான பெட்ரோல் கேனுக்குள் விடுங்கள். மறுபடி பதினைந்து வினாடி. இப்போது பாட்டில் ஜோராக நிறைந்தால் பம்ப் குற்றவாளி இல்லை. பம்ப்புக்குப் பின்னால், டாங்க் வரைக்கும் உள்ள பாதையில்தான் கோளாறு. இப்போதும் வரவில்லை என்றால், புதுசு என்று வாங்கிய பம்ப்பே சொத்தை. புதுசு என்பதற்காக நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாத காலம் இது. கேனை வண்டிக்குள் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும், சில மெக்கானிக்குகள் குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிட்டு ஓட்டியும் காட்டுவார்கள். வேண்டாம். நின்ற இடத்தில் செய்வதே போதும்.

பாதையில்தான் கோளாறு என்று வந்தால் முதலில் ரப்பர் ட்யூப் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்று விடாதீர்கள். டாங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே உள்ளது உறிஞ்சும் பக்கம். அங்கே மயிரிழை வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். வாசனையும் வராது, ஈரமும் தெரியாது. அந்த ட்யூப்கள் பெட்ரோலுக்கென்றே செய்தவையாக இருக்க வேண்டும். கம்ப்ரஸர் ட்யூப், தண்ணீர் ட்யூப் எல்லாம் ஒரே வருஷத்தில் கல்லாகிவிடும் அல்லது கூழாகிவிடும். ட்யூபின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருந்தால் தாராளமாக வாங்கலாம், எத்தனால் கலந்த பெட்ரோலையும் தாங்கும். பில்டரையும் மாற்றுங்கள், அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். பழைய பில்டரைத் தூக்கிப் போடும் முன், உள்ளே வரும் பக்கத்தைக் கவிழ்த்து ஒரு வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். காப்பித்தூள் மாதிரி கொட்டினால் டாங்கின் கதை தெரிந்துவிட்டது.

டாங்கைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தால் இறக்கித்தான் செய்ய வேண்டும். குழாயில் கம்ப்ரஸர் காற்றைப் பின்பக்கமாக அடித்தால் வலையில் உள்ளது உதிர்ந்துவிடும், வண்டியும் ஓடும், ஒரு மாதம் கழித்து மறுபடி தொப்பூரில் நிற்கும். அதுவே ஒரு சோதனைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்ப்பிலிருந்து ட்யூபைக் கழற்றிவிட்டு, டாங்க் மூடியைத் திறந்து வைத்து, மெதுவாக அடித்தால், டாங்குக்குள் களகளவென்று குமிழி கேட்க வேண்டும். ரேடியேட்டர் வேலை செய்யும் கடைகளில் டாங்கும் கழுவிக் கொடுப்பார்கள். ஆனால் டாங்கில் ஓட்டை இருக்கிறது, வெல்டிங் வைத்துவிடலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். பெட்ரோல் நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்க்தான் பயங்கரம். உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும்.

கார்புரேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு தடவை கழுவியவர் ஜெட்டுகளை (பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைகள்) செம்புக் கம்பி விட்டுக் குத்தினாரா என்று கேளுங்கள். ஜெட்டின் ஓட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு அகலமானாலும் பெட்ரோல் அதிகம் குடிக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். காற்றடித்தும், கிளீனர் தெளித்தும்தான் சுத்தம் செய்ய வேண்டும். கார்புரேட்டர் நிஜமாகவே தப்பு செய்யும்போது அது வேறு மாதிரி பேசும். சோக் இழுத்தால் மட்டும் ஐடிலிங் நிலைக்கிறது என்றால் ஐடிலிங்குக்கான ஸ்லோ ஜெட் அடைப்பு, அல்லது கார்புரேட்டருக்குக் கீழே காற்று பிடிக்கிறது. சாவி போட்டதும் கார்புரேட்டர் பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அந்த சாலனாய்டு (கரண்டில் இயங்கும் சின்ன வால்வு) சத்தம் இல்லாவிட்டாலும் ஐடிலிங் நிலைக்காது. மிதித்ததும் ஒரு கணம் விக்கினால், முன்பே சொன்ன அந்தப் பீய்ச்சும் பம்ப்பின் டயாபிரம் (உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் தகடு) கிழிந்திருக்கும். கார்புரேட்டர் வழிந்தாலோ, சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுத்துப் பெட்ரோல் நாற்றம் அடித்தாலோ, மிதவை அறைக்குப் பெட்ரோலைத் திறந்து மூடும் நீடில் வால்வில் கோளாறு. உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒரிஜினல் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, கடையில் கிடைக்கும் போலியை மாட்டினால் ஜெட் அளவுகூட ஒத்துப்போகாது. அப்புறம் அதை டியூன் செய்தே ஆயுசு போய்விடும்.

மெக்கானிக் அடுத்து எலக்ட்ரிக் பம்ப் போடலாம் என்று சொல்லக்கூடும். போடலாம்தான், ஆனால் கார்புரேட்டருக்கு வேண்டியது கால் பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) அழுத்தம். இன்ஜெக்‌ஷன் வண்டியின் (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் புது வகை) பம்ப் தருவது ஏறக்குறைய 3 பார். அதைக் கொண்டுவந்து இதில் மாட்டினால் நீடில் வால்வு தாங்காது, சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் வழியும். பழைய கார் தீப்பிடித்தது என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கைவேலைதான் ஞாபகம் வரும்.

போட்ட பம்ப் நல்லதா என்று பார்க்க இன்னொரு இடமும் உண்டு. ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் நாற்றம் தூக்கலாக இருந்தால், ஆயில் அளவும் தானாகக் கூடியிருந்தால், பம்ப் டயாபிரம் கிழிந்து பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது. அப்படியானால் வண்டியை எடுக்காதீர்கள். ஆயிலை மாற்றும் வரை நிற்கட்டும்.

இப்போது எத்தனால். உங்கள் கடைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அவர் நினைக்கிற மாதிரி இல்லை. நாட்டில் எத்தனால் கலப்பது 2003-லேயே ஐந்து சதவீதத்தில் தொடங்கிய விஷயம். 2022 ஜூனில் பத்து சதவீதம் எட்டியது. 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் இருபது சதவீதம் வந்து, 2025-ல் நாடு முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. உங்கள் வண்டி செய்யப்பட்ட 1997-ல் இதை யாரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் இருபது சதவீதத்தில் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். கார்புரேட்டருக்குத் தானாகச் சரிசெய்துகொள்ளத் தெரியாது என்பதால் கலவையும் கொஞ்சம் மெலிந்து போகும், பிளக் முன்பைவிட வெளுப்பாகத் தெரியும். இதெல்லாம் எப்போதும் இருக்கும் குறைகள். ஏற்றத்தில் நின்று பத்து நிமிஷத்தில் பிழைப்பதற்கு இவை காரணமாகாது.

எத்தனால் மறைமுகமாகச் செய்யும் வேலைதான் முக்கியம். பழைய ரப்பரை அது ஊறவைத்துக் கெடுக்கும். இருபத்தைந்து வருஷமாக டாங்கிலும் குழாயிலும் படிந்த பிசினைக் கரைத்துக் கிளப்பிவிடும், அது நேராகப் போய் வலையிலும் பில்டரிலும் உட்காரும். தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதிகமாகத் தண்ணீர் சேர்ந்துவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து டாங்கின் அடியில் தனியாக இறங்கிவிடும், பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே. ஐப்பசி மழைக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாமல் போகும் பழைய வண்டிகளில் இதைப் பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டாங்கின் பெட்ரோலைப் பிடித்து ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டாங்கைக் காலி செய்தாக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தொண்ணூறு மில்லி பெட்ரோலில் பத்து மில்லி தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தால், அடியில் நிற்கும் தண்ணீர் பத்திலிருந்து இருபத்தெட்டு பக்கம் ஏறியிருக்கும். பெட்ரோலில் இருந்த எத்தனால் முழுக்கத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டதுதான் காரணம், எவ்வளவு எத்தனால் கலந்திருக்கிறது என்று பார்க்க இதுவே ஒரு வழி. இது தெரியாமல், தண்ணீர் கலந்த பெட்ரோல் என்று பங்க்கில் சண்டைக்கு நிற்பவர்களும் உண்டு. தண்ணீர் விடாமல் எடுத்த பெட்ரோலிலேயே அடுக்குத் தெரிந்தால் மட்டும் சண்டைக்குப் போகலாம்.

2000-க்குப் பிறகு வந்த இன்ஜெக்‌ஷன் 800, ஜென், சான்ட்ரோ வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்குச் சுருக்கமாக. அங்கே பம்ப் டாங்குக்குள் இருக்கும். சாவியைத் திருப்பியதும் பின் சீட் பக்கம் இரண்டு வினாடி 'ஊ' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் முதலில் ப்யூஸ், ரிலே, கனெக்டர், அப்புறம்தான் பம்ப். சத்தம் வந்தும் ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றால் பிரஷர் கேஜ் மாட்டி, நின்ற நிலையில் மட்டும் பார்க்காமல் ரேஸ் கொடுத்தும் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் மாட்டியிருக்கும் வேக்குவம் ட்யூபைப் பிடுங்கினால் உள்ளே பெட்ரோல் ஈரம் இருக்கக்கூடாது. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிற பழக்கம் இந்த வண்டிகளில் பம்ப்பைக் கொல்லும், பம்ப்பைக் குளிர வைப்பதே டாங்கில் இருக்கும் பெட்ரோல்தான்.

பாலக்கோட்டுத் தம்பிக்குத் திரும்பி வருகிறேன். கால் டாங்குக்குக் கீழே இல்லாமல் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஏற்றத்தில் பெட்ரோல் பின்னால் சாய்ந்து அதுவும் ஒரு குழப்பமாகும். இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் மூடி. பலன் இல்லை என்றால் பாட்டில் சோதனை, அதற்குப் பிறகு ட்யூபும் பில்டரும். இவ்வளவையும் செய்து முடித்தாலும் செலவு ஒரு புதுக் கார்புரேட்டரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. மெக்கானிக்கைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் கடை வாசலில் வண்டி நிற்பதே இல்லையே, அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை அவரையே பக்கத்து சீட்டில் உட்கார வைத்துச் சேலம் வரை போய்த் திரும்பி வாருங்கள்.

நின்ற கணத்தில் லீவரைத் தள்ளியபோது பெட்ரோல் நன்றாகவே பீய்ச்சியது என்றால் மேலே சொன்ன எதையும் தொடாதீர்கள். காயிலைக் கை வைத்துப் பாருங்கள், தொட முடியாத சூடாக இருக்கும். நல்ல காயில் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு தொப்பூர் ஏறுங்கள், ஏறிவிட்டால் பெட்ரோல் பக்கமே போகத் தேவையில்லை.